தட்டைச் சவ்வு ஹெட்போனும் கோதண்டபாணியின் காதும்

கோதண்டபாணிக்குக் காது கூர்மை என்பது திருத்தணி பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் அதை மறந்துவிடாதபடி அவனே பார்த்துக்கொண்டான்.

பொதட்டூர்பேட்டையில் தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். அப்பாவும் அண்ணனும் லுங்கி நெய்தார்கள். இவனுக்குத் தறியில் உட்காரப் பிடிக்கவில்லை. மீசை முளைக்கிற வயதில் திருத்தணிக்கு வந்து ஆறுமுகம் என்பவரின் மைக் செட் கடையில் சேர்ந்தான். அறுபதுகளில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடிக்கிருத்திகை எல்லாவற்றுக்கும் ஆறுமுகம் செட்தான். மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஒயர் இழுப்பது, இசைத்தட்டு மாற்றுவது என்று பத்து வருஷம் ஓடியது. தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே தூரத்திலிருந்து ஓடிவந்து முள்ளை மாற்றுவான். தேய்ந்த முள்ளின் சத்தம் அவனுக்குத்தான் முதலில் கேட்கும். ஆறுமுகம் ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை பையனின் தலைக்கு ஏறிவிட்டது.

எழுபத்தேழில் சொந்தமாகக் கடை வைத்தான். கேசட் வந்த புதுசு. வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டுப் போனால் இசைத்தட்டிலிருந்து காலி கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை. மனைவி பெயரில் 'அம்சா ரெக்கார்டிங் சென்டர்' என்று பலகை மாட்டினான். அம்சாவின் அண்ணன் ராஜகோபால் பெரிய ஆள். பொதட்டூர்பேட்டையில் பவர்லூம் ஷெட், திருத்தணியில் மாடி வீடு, ஒரு கார். கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் ரிப்பன் வெட்டியதும் அவர்தான்.

கோதண்டபாணி பதிந்த கேசட் சுத்தமாக இருக்கும். பள்ளிப்பட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆள் வந்தார்கள். வாய் மட்டும் சுத்தமில்லை. யாராவது ஆசையாகப் புது டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு நிமிஷம் கேட்பான், "தகர டப்பா" என்பான். வாங்கியவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கமாட்டான்.

பக்கத்துத் தெருவில் சாமிநாதன் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். பட்டாளத்தில் ஒயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். தானே ஆம்ப்ளிஃபயர் செய்து விற்பார். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் அதில் ஒன்றை வாங்கப் போகிறபோது வழியில் கோதண்டபாணியைப் பார்த்து அபிப்பிராயம் கேட்டார். இவன் நேராக சாமிநாதன் கடைக்கே அவரோடு போய், பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உள்ளே வண்டு கீது, அத்த தொறந்து வுட்டுட்டு அப்புறம் வித்தா நல்லா இருக்கும் என்றான். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வியாபாரம் போயிற்று. சாமிநாதன் பெட்டியைத் துடைத்து அலமாரியில் திரும்ப வைத்தார்.

ராஜகோபாலின் முறையும் ஒரு நாள் வந்தது. சிங்கப்பூரிலிருந்து பெரிய செட் ஒன்றை வரவழைத்து, அதைக் காட்டுவதற்கென்றே வீட்டில் விருந்து வைத்தார். நூல் வியாபாரிகள், ஒரு தாசில்தார், டாக்டர் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி பந்தியில் இருந்து கையைக் கழுவிக்கொண்டே வந்தான். மச்சானை அவன் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான்.

"பாவா, டேப்பு மெதுவா ஓடிகினு கீது. பாடறவருக்கு ஜலதோஷம் புடிச்சா மாதிரி கீது பாருங்க."

தாசில்தார்தான் முதலில் சிரித்தார். ராஜகோபாலும் சேர்ந்து சிரித்தார்.

எழுபத்தொன்பதில் கோதண்டபாணி அந்த ஹெட்போனைப் பார்த்தான். காலி கேசட் வாங்க மாதம் ஒருமுறை மெட்ராசுக்கு ரயிலேறுவான். பர்மா பஜாரில் அவனுக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். ஜப்பான் சாமான். பார்க்க விசேஷமாக ஒன்றும் இல்லை; சாதாரண ஹெட்போனைவிடக் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைக்காரர் விளக்கினார். மற்ற ஹெட்போனில் குட்டி ஸ்பீக்கர் மாதிரி ஒரு கூம்பு இருக்கும், நடுவில் இருக்கும் கம்பிச் சுருள் அதைப் பிடித்து ஆட்டும், நடு ஆடினபிறகுதான் ஓரம் ஆடும். இதில் கூம்பே கிடையாது. அப்பளத்தைவிட மெல்லிசாக ஒரு தட்டைச் சவ்வு. சவ்வின் மேலேயே கம்பிக்கோடு முழுக்க வளைந்து வளைந்து போகிறது. முன்னும் பின்னும் ஓட்டை போட்ட காந்தத் தட்டு. சவ்வு மொத்தமும் ஒரே சமயத்தில் ஆடும். அதனால் சத்தம் சத்தத்தோடு ஒட்டிக்கொள்ளாது. மெட்ராஸ் ஸ்டூடியோக்களில் எல்லாம் இதைப் பற்றித்தான் பேச்சு, பாடகர் எதிரே உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருக்கும் என்றார். சொன்ன விலைக்கு அந்தக் காலத்தில் இரண்டு கறவை மாடு வாங்கலாம்.

கோதண்டபாணி ஊருக்கு வந்து ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அம்சாவின் சங்கிலியைக் கேட்டான். அவள் கல்யாணத்துக்கு அண்ணன் போட்ட சங்கிலி. கழற்றிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டாள். பாட்டு கேட்கிற சாமான் என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

வாங்கி வந்த அன்று பஜாரில் பாதிப் பேர் அவன் கடையில் நின்றார்கள். டேப் டெக்கில் சொருகித் தலையில் மாட்டினான். முகம் மாறியது. சத்தமே இல்லை. சத்தம் கூட்டுகிற திருகை முழுக்கத் திருப்பினாலும் பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது போலத்தான் கேட்டது. சாமிநாதனும் வந்திருந்தார். வாங்கிக் காதில் வைத்துப் பார்த்து, பல்லி கத்தறா மாதிரி கீது என்றார். அம்சா சங்கிலியை விற்று வாங்கியது என்பதும் அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஒரு மாதம், அவன் தெருவில் போனால் யாராவது நாக்கைத் தட்டி பல்லி மாதிரி சத்தம் போடுவார்கள்.

அவன் விடவில்லை. சவ்வு முழுவதையும் தள்ளவேண்டும் என்றால் கூம்பைத் தள்ளுகிற பலம் போதாது என்று தானாகவே யோசித்துப் பிடித்தான். டெக்கை விட்டுவிட்டு, பெரிய ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கருக்குப் போகிற முனையிலிருந்து ஒயர் எடுத்து, நடுவில் மின்சாரத்தை மட்டுப்படுத்த ரெசிஸ்டர் போட்டு இணைத்தான். ஒரு மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கச்சேரித் தட்டை வைத்துக் கேட்டான்.

அன்று என்ன கேட்டது என்று அவன் பல பேரிடம் சொல்லியிருக்கிறான். பிடில்காரர் வில்லைத் திருப்புகிற இடம் தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாக, வலந்தலை தனியாக, நடுவில் காற்று இருந்தது. அதுவரை அவன் நூறு தடவை கேட்ட தட்டு அது. பாடகர் சரணத்துக்குப் போகும் முன் உதட்டை ஈரப்படுத்திக்கொள்வது அன்றுதான் தெரிந்தது. தட்டு முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தானாம்.

விலைக்குத் தகுந்த சாமானா என்று கேட்டால், குறையையும் அவனே சொல்லுவான். கனம் கழுத்தை வலிக்கச் செய்யும். சித்திரை வெயிலில் காதெல்லாம் வேர்த்துக் கொட்டும். பாட்டு நெஞ்சில் இடிக்கவேண்டும் என்று நினைக்கிறவனுக்கு இது பிடிக்காது. இடிக்காது, இருக்கிறதை இருக்கிறபடி காட்டும். நல்ல ஆம்ப்ளிஃபயர் இல்லாதவன் வாங்கினால் காசு தண்டம். இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆனா வேற எதுலயும் இது கேக்காது என்று முடிப்பான். அதில் கேட்டுக் கேட்டு டேப் உரசிப் போகிற டெக்கின் ஹெட்டை நுணுக்கமாக நகர்த்திச் சரிசெய்தான். பதிவுகள் இன்னும் தெளிந்தன. கடையில் கூட்டம் கூடியது.

வாயும் கூடியது. வருகிறவர்களிடம் சாதா ஹெட்போனையும் இதையும் மாற்றி மாற்றிக் கொடுத்து வித்தியாசம் கேட்பான். தெரியவில்லை என்று சொன்னவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்வான். சினிமாக் கொட்டகையில் ஆப்பரேட்டராக இருந்த சுப்பிரமணி, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டான். கொட்டகைக்குப் படம் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் கோதண்டபாணி அதைச் சொன்னான். ஆப்பரேட்டருக்குக் காது இல்லை, ஜாக்கிரதையாகப் போங்கள் என்றான்.

ஒரு நாள் சாமிநாதன் கடைக்கு வந்தார். பார்த்துக்கொண்டே மாட்டினால் விலை காதில் பாடும், கண்ணைக் கட்டிக்கொண்டு சொல்ல முடியுமா என்று கேட்டார். கோதண்டபாணி சிரித்தான். ஊரையே கூட்டிவரச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராஜகோபால் வீட்டுக் கூடத்தில் என்று முடிவாயிற்று.

அதற்கு முன்தினம் அதே கூடத்தில் மூன்று பேர் கூடினார்கள்: ராஜகோபால், சாமிநாதன், சுப்பிரமணி. யோசனை ராஜகோபாலுடையது. கோதண்டபாணி எதைச் சொன்னாலும் தப்பு என்று சொல்லிவிடலாம் என்றார். சாமிநாதன் விஷயம் தெரிந்தவர்.

"எல்லாத்தையும் தப்புன்னு சொன்னா கண்டுபுடிச்சிடுவான். பாதி சரி, பாதி தப்புன்னு சொல்லணும். அப்பத்தான் குருட்டாம்போக்குல சொல்றான்னு ஆவும்."

ராஜகோபால் தங்கையைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். உன் புருஷனுக்குப் பைத்தியம் தெளியணும்னா இதுதான் வழி, நீ வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்றார். அம்சா வெறும் கழுத்தோடு நின்று கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஞாயிறு அன்று கூடத்தில் நிறையப் பேர். ஹெட்போன் இரண்டையும் ஒரே மாதிரி மல் துணியால் சுற்றினார்கள். தலையில் மாட்டினால் கனத்தை வைத்துத் தெரிந்துவிடும் என்பதால், சாமிநாதன் பின்னால் நின்று கையில் பிடித்துக் காதருகே வைப்பது, சுப்பிரமணி ஒயரை மாற்றிச் சத்தத்தைச் சமமாக்குவது என்று ஏற்பாடு. சோதனை ஏற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. கோதண்டபாணியின் கண்ணில் ராஜகோபாலே துண்டைக் கட்டினார்.

முதல் தடவை வைத்தார்கள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "தட்டை" என்றான். சரி என்றார் சாமிநாதன். இரண்டாவது, சாதா என்றான். அது சாதாதான். சாமிநாதன் தப்பு என்றார்.

கோதண்டபாணி இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றான். திரும்ப வைத்தார்கள். சாதாதான் என்றான். தப்பு என்றார் மறுபடி. கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. அடுத்ததும் தப்பு என்றார்கள். அதற்கடுத்தது சரி என்றார்கள். அப்புறம் இரண்டு தப்பு.

அதுவரை அவன் ஒன்றுகூடத் தவறாகச் சொல்லவில்லை. ஒயரைக் கையில் பிடித்திருந்த சுப்பிரமணிக்கு அது தெரிந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ராஜகோபாலைத் திரும்பிப் பார்த்தான். அவர் நடத்து என்று தலையை ஆட்டினார்.

கோதண்டபாணியின் குரல் இறங்கியது. முதலில் பட்டென்று சொன்னவன் நேரம் எடுக்க ஆரம்பித்தான். துண்டுக்குக் கீழே கன்னத்தில் வியர்வை வழிந்தது. பதில் சொல்லிவிட்டு, "இல்ல, இருங்க" என்று மாற்றப்போய், மறுபடி முதலில் சொன்னதையே சொன்னான். எட்டு, ஒன்பது வரைக்கும் சரியாகவே சொன்னான். பத்தாவது தடவை வைத்தது தட்டைச் சவ்வு. வெகுநேரம் கேட்டான். பாட்டு முடியும்வரை கேட்டான். "சாதா" என்றான். அன்று அவன் செய்த ஒரே தப்பு அது.

"சரி," என்றார் சாமிநாதன்.

கண்கட்டை அவிழ்த்தார்கள். அவன் முதலில் அம்சாவைத்தான் பார்த்தான். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். அவமானத்தில் குனிகிறாள் என்று அவன் நினைத்தான். பாதிக்குப் பாதி, காசு சுண்டிப் போட்டாலும் இவ்வளவு வரும் என்று சாமிநாதன் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். யாரோ நாக்கைத் தட்டிப் பல்லிச் சத்தம் போட்டார்கள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ராஜகோபால் அவன் தோளில் கைபோட்டு ஆறுதல் சொன்னார்.

"மைக் செட்டுல எத்தினி வருஷம் கொழாய் ஸ்பீக்கர் கிட்டயே நின்னுகினு இருந்த மாப்ள. காது எப்பவோ போயிருக்கும். உனக்குத் தெரியல."

அந்த ஒரு வார்த்தை அவனுக்குப் போதுமாக இருந்தது. பத்து வருஷம் குழாய்க்குக் கீழே நின்றது உண்மைதானே. மற்றவர்கள் பொய் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணமே அவனுக்கு வரவில்லை. கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவன்மேல் கோபம் இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எவனுக்கு என்ன கோபம் வரும் என்று நினைத்து வளர்ந்தவன்.

ஹெட்போனை ராஜகோபாலே எடுத்துக்கொண்டார். பதிலுக்குத் தங்கைக்கு ஒரு மெல்லிய சங்கிலி செய்து போட்டார். பெரிய மனசு என்று பஜாரில் பேசினார்கள். ஹெட்போன் அவர் வீட்டு ஷோகேஸில் பிளாஸ்டிக் பூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. விருந்தாளிகள் வந்தால் எடுத்துக் காட்டி, மாப்பிள்ளை ஏமாந்த கதையைச் சொல்லுவார்.

கடை அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட ஓடவில்லை. கோதண்டபாணி காதை நம்புவதை விட்டுவிட்டான். மீட்டரில் முள் ஆடுவதைப் பார்த்தே பதிந்தான். முள் சரியாக இருக்கும், பாட்டு கரகரக்கும். அவனுக்கு அந்தக் கரகரப்பு கேட்கத்தான் செய்தது. ஆனால் அது பாட்டில் இருக்கிறதா தன் காதில் இருக்கிறதா என்று சந்தேகம். பதிந்து முடித்த கேசட்டைப் போட்டுக்காட்டி, நல்லாகீதா, நீங்களே சொல்லுங்க என்று வருகிறவர்களிடம் கேட்பான். ஒரு காலத்தில் கேலி செய்தவன் இப்படிக் கெஞ்சுவதைப் பார்க்க சிலர் வேலையில்லாமலும் வந்தார்கள். சரியாக இருக்கிற கேசட்டைச் சரியில்லை என்று சொல்லி, அவன் திரும்பப் பதிவதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சாமிநாதனிடம் போய் அன்று வண்டு என்று சொன்னதற்கு மன்னிப்புக்கூடக் கேட்டான். சாமிநாதன் பரவாயில்லை என்றார். பலகை இறங்கியபோது டெக்கையும் இசைத்தட்டுகளையும் அவர்தான் வாங்கினார். தன் கடையிலேயே ஒரு ஓரத்தில் ரெக்கார்டிங் ஆரம்பித்தார். ஓகோ என்று நடந்தது.

ராஜகோபால் பவர்லூம் ஷெட்டில் வேலை கொடுத்தார். பொதட்டூர்பேட்டைக்கே குடிபோனார்கள். தகரக் கூரைக்குக் கீழே இருபது தறி. ஒன்று அடங்கினாலும் பத்தொன்பது அடிக்கும். உள்ளே பேசவேண்டும் என்றால் கையைக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் காதில் வாயை வைத்துக் கத்தவேண்டும். மற்ற ஆட்கள் கழிவு நூலைச் சுருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். கோதண்டபாணி வைத்துக்கொள்ளவில்லை. போன காதுக்கு எதற்கு என்றான். அறுந்த நூலை முடிச்சுப் போடுவது, தறியில் குறுக்கே ஓடும் நாடாவை மாற்றுவது என்று பகலெல்லாம் தறிகளுக்கு நடுவே நடந்தான். பேச்சு குறைந்துபோயிற்று. அம்சா வீட்டில் ரேடியோ வைத்தால் எழுந்து வெளியே போய்விடுவான்.

எண்பத்தேழில் ராஜகோபாலின் மகன் கல்யாணம் திருத்தணியில் நடந்தது. மதியப் பந்தி முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுப்பிரமணி கொஞ்சம் குடித்திருந்தான். பழைய கதைகள் வந்தன. அவன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதையை எடுத்தான். இந்தத் தடவை முழுவதையும் சொன்னான். பாதி சரி பாதி தப்பு ஏற்பாடு, சாமிநாதனின் கணக்கு, பத்தில் ஒன்பது கண்டுபிடித்துவிட்டு கோதண்டபாணி முழித்த முழி எல்லாவற்றையும் நடித்துக் காட்டினான். கோதண்டபாணி இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தான். சுப்பிரமணி கத்திப் பேசுகிறவன். எல்லாம் காதில் விழுந்தது. மற்றவர்கள் சிரித்தபோது அவனும் சிரித்தான்.

பிறகு எழுந்து பெண்கள் பக்கம் போய் அம்சாவைக் கூட்டிக்கொண்டு ராஜகோபாலின் வீட்டுக்கு நடந்தான். கல்யாண வீடு, கதவு திறந்தே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் ராஜகோபாலும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். கோதண்டபாணி ஷோகேஸைத் திறந்து ஹெட்போனை எடுத்துத் தூசியைத் துடைத்தான். அங்கிருந்த ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, பழைய மாதிரியே இணைத்தான். கை எதையும் மறந்திருக்கவில்லை. ஒரு இசைத்தட்டை வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ராஜகோபால் வாசற்படியிலேயே நின்றார். ஒரு பக்கம் முழுக்க ஓடியது. கோதண்டபாணி திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். அப்புறம் முழுக்கக் கூட்டினான். தாளம் கேட்டது. பாட்டு, கம்பளிக்குள் இருந்து வருகிற மாதிரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சவ்வு கெட்டுவிட்டதோ என்று நினைத்தான். சத்தத்தை இறக்கி, கழற்றி, அம்சாவின் தலையில் மாட்டினான்.

அம்சா கண்ணை மூடினாள்.

"இன்னா கேக்குது சொல்லு."

"பின்னாடி யாரோ நாற்காலிய நவுத்தறாங்க," என்றாள். "பாடறவருக்கு வளையல் மாதிரி ஒண்ணு கையில கீது. தொடையில தட்டறப்போ சத்தம் வருது. தம்புரா... தம்புரா அங்க ஓரமா கீதுங்க." வலது பக்கம் கையைக் காட்டினாள்.

சாமான் கெடவில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அம்சா கழற்றவில்லை. அந்தப் பக்கம் முடியும்வரை கேட்டாள். பிறகு கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு அவனிடம் கேட்டாள். அவன் காதில் விழவேண்டுமென்று கொஞ்சம் உரக்கத்தான் கேட்டாள்.

"ஊர்ல போறவன் வர்றவன் காதுல எல்லாம் வெச்சிப் பாத்தீங்களே. எங்க அண்ணன் போட்ட சங்கிலிங்க அது. ஒரு தடவ என் காதுல வெச்சீங்களா?"

கோதண்டபாணி இசைத்தட்டை எடுத்து உறைக்குள் போட்டான்.

"வெச்சிருந்தா அன்னிக்கு நான் வாயத் தொறந்திருப்பேன்," என்றாள்.

ராஜகோபால் உள்ளே வந்து, அவனை நேராகப் பார்க்காமல், எடுத்துக்கொண்டு போ மாப்ள, உன் சாமான்தானே என்றார். எனக்கு எதற்கு பாவா, அதில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு அவன் ஒயரைக் கழற்றி, ஸ்பீக்கர் ஒயரைப் பழையபடி மாட்டினான். இருவரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். கல்யாண வீட்டில் சண்டை போடுகிற குடும்பம் இல்லை அது. சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போனார்கள். மறுநாள் ஷெட்டுக்குப் போனான். அம்சா அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்கு மட்டும் போனாள். புருஷனிடம் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. எடுப்பதென்றாலும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசவேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் சித்தூரிலிருந்து ஒரு டாக்டர் ராஜகோபால் வீட்டுக்கு வந்தார். பாட்டுப் பைத்தியம். ஷோகேஸில் இருந்ததைப் பார்த்ததும் அது இன்னதென்று அடையாளம் கண்டுகொண்டார். இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், சொல்லுகிற அளவுக்கு இருக்கிறதா, இவ்வளவு பழசுக்குக் காசு போடலாமா என்று கேட்டார். ராஜகோபால் அவரை உட்காரவைத்து அந்தக் கதையைச் சொன்னார். இந்தத் தடவை உண்மையையே சொன்னார். கண்ணைக் கட்டி, துணி சுற்றி, பத்துத் தடவை மாற்றி மாற்றி வைத்தோம். எங்கள் மாப்பிள்ளை ஒன்பது தடவை கண்டுபிடித்தான். சாதாவுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றால் அது முடியுமா என்றார். டாக்டர் அசந்துபோனார். கேட்ட விலையைக் கொடுத்தார். கோதண்டபாணி அன்று கொடுத்ததைவிட அதிக விலை.

எப்படி இணைப்பது என்று காட்டுவதற்காக ஷெட்டிலிருந்து கோதண்டபாணியை வரவழைத்தார்கள். பஞ்சுத் தூசு படிந்த தலையோடு வந்தான். ரெசிஸ்டர் எங்கே போடவேண்டும், எந்த ஒயர் எந்தப் பக்கம் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தான். டாக்டர் மரியாதையாக எழுந்து நின்று, அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானா என்று கேட்டார். அவனுக்கு அது விழவில்லை. டாக்டரின் உதட்டைப் பார்த்தான், பிறகு ராஜகோபாலைப் பார்த்தான். ராஜகோபால் அவன் காதருகே குனிந்து, ஒண்ணுமில்ல, நீ போ என்று கத்தினார். அவன் கும்பிட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனான்.